"தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்கம்மா"

எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் மாதம் ஒரு முறையாவது அந்தச் செய்தி வந்துவிடும். அதிகாலையில் தனியாக வாசலுக்கு வராதீர்கள். நகை போட்டுக்கொண்டு வாக்கிங் போகாதீர்கள். புடவைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். பைக்கில் வருகிறவர்கள் வழி கேட்டால் நிற்காதீர்கள். பவுன் விற்கிற விலைக்கு கவரிங்கே போதும். கடைசியில் கும்பிடுகிற கை படம். எல்லாமே பெண்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு. பைக்கில் வருகிறவனுக்கு அதில் ஒரு வரி கிடையாது. அவனைப் பிடிக்க வேண்டியவர்களுக்கும் கிடையாது.

இந்த அறிவுரையைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. என் மாமியாருக்கு நடந்ததைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

2024 மார்கழி. சென்னையின் தெற்குப் புறநகரில் ஒரு சாதாரணத் தெரு. அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, பாபநாசம் பக்கத்து மனுஷி. மார்கழி என்றால் வாசலை அடைத்துக் கோலம் போட்டே ஆகவேண்டும். இன்னும் சரியாக விடியவில்லை. பைக்கில் இரண்டு பேர். முன்னால் இருந்தவன் ஹெல்மெட் போட்டிருந்தான். பின்னால் இருந்தவன் இறங்கி வந்து, "பாட்டி, பிள்ளையார் கோவில் தெரு எது?" என்று கேட்டிருக்கிறான். நிமிர்ந்து கை காட்டுவதற்குள் தாலிச்செயினில் கை போட்டுவிட்டான். ஏழு பவுன், கனமான முறுக்குச் செயின், லேசில் அறாது. அத்தையும் விடவில்லை. கோலத்தின் மேலேயே இழுத்துப்போய் அறுத்துக்கொண்டு ஓடினான். முக்கால் வாசி அவன் கையோடு போனது, ஒரு துண்டு அத்தையின் கையில் நின்றது. மாங்கல்யமும் இரண்டு குண்டும் கோலமாவுக்குள் கிடந்தன. கழுத்தைச் சுற்றி கத்தியால் கீறினாற்போல ஒரு கோடு, முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. நான் ஓடி வந்தபோது அத்தை தரையில் உட்கார்ந்தபடி குண்டுமணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

100-க்குக் கூப்பிட்டேன். அடுத்த நிமிஷங்களிலேயே ரோந்து வண்டி வந்துவிட்டது. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். வந்த காவலர் அத்தைக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பைக் போன திசையை வாக்கி டாக்கியில் சொன்னார், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். அதுவும் தனியார் கிளினிக் வேண்டாம், அரசு மருத்துவமனைக்கே போய் ஏ.ஆர். என்ட்ரி போட்டுவிடுங்கள், பின்னால் உதவும் என்றார். விபத்துப் பதிவேட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்த மனிதருக்கு நாங்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். எங்கள் தெருவில் ஒரு பக்கம் ஒரு ஸ்டேஷன் எல்லை, எதிர்ப்பக்கம் இன்னொன்று. "பைக் எந்தப் பக்கம் நின்னுச்சு?" என்பதில் ஒரு அரை மணி நேரம் போனது. அப்புறம் ரைட்டர், அதாவது ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் காவலர், எங்களை உட்காரச் சொன்னார். ஸ்டேஷனுக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இன்ஸ்பெக்டர் அறை எங்கே இருந்தாலும் சரி, ஸ்டேஷனின் இதயம் ரைட்டரின் மேஜைதான். புகார் என்ன வடிவம் எடுக்கும் என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

ரைட்டர் கெட்டவர் இல்லை. அத்தையின் கழுத்தைப் பார்த்து 'அச்சோ' என்றார், டீ வரவழைத்தார். வெள்ளைத் தாளை நீட்டியபடி சொன்னார்: "கோலம் போடும்போது செயின் தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்கம்மா. சி.எஸ்.ஆர். போட்டு ரசீது தர்றேன். கிடைச்சதும் நாங்களே கூப்பிட்டுச் சொல்லிடுவோம். எஃப்.ஐ.ஆர். போட்டா கோர்ட்டு கேஸுன்னு நீங்கதான் இந்த வயசுல அலையணும்."

பேச்சு அவ்வளவு அக்கறையாக இருந்ததால் நான் ஒரு கணம் சரி என்று சொல்லியிருப்பேன். அத்தைதான் பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, நான் எதையும் தொலைக்கல. ஒருத்தன் பிடுங்கிட்டுப் போயிருக்கான். தொலைச்சேன்னு நான் ஏன் எழுதணும்? ஊர்ல என் மருமக என்ன நினைப்பா, கிழவி எங்கேயோ போட்டுட்டு வந்துட்டான்னுல்ல நினைப்பா." மருமகளான நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

சி.எஸ்.ஆர். என்பது தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் வைத்திருக்கும் சமுதாயப் பணிப் பதிவேடு. மனு வந்தது என்பதற்கு ஒரு நம்பர் கிடைக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் தண்ணீர்ச் சண்டை, பாஸ்போர்ட் தொலைந்தது, கடன் வாங்கியவன் போனை எடுப்பதில்லை மாதிரியான விஷயங்களுக்கு அது போதும். எஃப்.ஐ.ஆர். அப்படி இல்லை. அதன் ஒரு பிரதி மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். அதற்குப் பிறகு புலனாய்வு செய்தே தீரவேண்டும், ஒன்று குற்றப்பத்திரிகை, இல்லையென்றால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஓர் இறுதி அறிக்கை. நடுவில் காணாமல் போக வழி இல்லை. நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவள். எனக்குப் புரிந்த பாஷையில் சொன்னால், எஃப்.ஐ.ஆர். வவுச்சர், சி.எஸ்.ஆர். துண்டுச்சீட்டில் குறித்துவைத்த கணக்கு.

வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரில் இருந்தால் எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம், போலீஸின் விருப்பம் அல்ல என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, வாயில் நுழையாது, கோர்ட்டில் எல்லாரும் பி.என்.எஸ்.எஸ். என்றே சொல்கிறார்கள்) 173-ஆவது பிரிவு இன்னும் தெளிவு. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்யவேண்டும், அப்புறம் உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பிக்கொள்ளலாம். பைக் எந்தப் பக்கம் நின்றது என்ற கேள்வியே தேவையில்லை. பிரதி இலவசம். மறுத்தால் மேலதிகாரிக்கு எழுத்தில் அனுப்பலாம், அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் ஆபீஸுக்கு வரும் ஒரு வக்கீலம்மா. இன்னொன்றும் சொன்னார்: "எந்தப் பிரிவுல போடறாங்கன்னு பாரு. அதுலதான் விஷயமே இருக்கு." பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பறிப்பு என்று தனியாக ஒரு குற்றமே இல்லை. திருட்டு அல்லது வழிப்பறி, இரண்டில் ஒன்றில் அடைப்பார்கள். அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 304 என்று பறிப்புக்கே தனிப் பிரிவு வந்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குத் தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டு. பறிக்கும்போது காயப்படுத்தினால் அது வழிப்பறி, 309. சாதாரண வழிப்பறிக்கே 10 ஆண்டு வரை, காயத்தோடு என்றால் அதைவிடக் கடுமை. ஒரே சம்பவம், ஒரே கழுத்து. காயத்துக்குத் தாளில் சாட்சி இருக்கிறதா என்பதைப் பொறுத்து 3 ஆண்டா 10 ஆண்டா என்று மாறுகிறது. ரோந்து வண்டிக் காவலர் அரசு மருத்துவமனைக்கே போகச் சொன்னது இதற்குத்தான்.

நான் கம்ப்ளைன்ட்டை டைப் செய்து, ஏ.ஆர். நகலை இணைத்து, உதவி ஆணையர் அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். ஏ.சி. படித்துப் பார்த்தார், அத்தையின் கழுத்தைப் பார்த்தார், போனை எடுத்தார். அன்று இரவே எஃப்.ஐ.ஆர். பதிவானது. முதலில் 304-இல்தான் போட்டார்கள். ஏ.ஆர். நகலைக் காட்டிக் கேட்ட பிறகு ஆல்டரேஷன் ரிப்போர்ட் அனுப்பி 309-க்கு மாற்றினார்கள். எனக்குப் படிப்பு இருக்கிறது, வக்கீல் பழக்கம் இருக்கிறது, லீவு கொடுக்கிற முதலாளி இருக்கிறார். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் செல்போனைப் பஸ் ஸ்டாப்பில் பிடுங்கிக்கொண்டு போனபோது அவர் 'தொலைந்துவிட்டது' என்றுதான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த போன் எங்கேயும் குற்றமாகக் கணக்கில் வராது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் போடுகிற புள்ளிவிவரம் எஃப்.ஐ.ஆர்.களை வைத்துத்தான். "சென்ற ஆண்டைவிடக் குற்றங்கள் குறைந்தன" என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அக்காவின் ஞாபகம்தான்.

சரி, ரைட்டர் ஏன் அப்படிச் சொன்னார்? அடிக்கடி போய் வந்ததில் பழக்கமான ஒரு ஏட்டய்யா ஒரு நாள் மனம் விட்டுச் சொன்னார். "மேடம், எஃப்.ஐ.ஆர். போட்டா அது ஸ்டேஷன் தலையில ஒரு நம்பர். மாசா மாசம் கிரைம் மீட்டிங்ல எத்தனை கேஸ், எத்தனை டிடெக்ட் ஆச்சு, ரெக்கவரி எவ்வளவுன்னு எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேப்பாங்க. கேஸ் கூடினா திட்டு. கண்டுபிடிக்கலன்னா அதைவிடத் திட்டு. ஆள் எத்தனை பேர் இருக்கோம்னு யாரும் கேக்க மாட்டாங்க." அவர் அன்றைக்கு ஏதோ மாநாட்டுப் பந்தோபஸ்து முடித்து நேராக வந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று 2021-இல் அரசாணையே வந்ததே என்று கேட்டேன். சிரித்தார்.

காவல்துறையில் சட்டம் ஒழுங்கு பார்க்கிறவர்களையும் புலனாய்வு செய்கிறவர்களையும் தனித்தனியாகப் பிரிக்கவேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி 2006-இலிருந்து எத்தனை வருஷம் ஓடிவிட்டது. சென்னையில் கிரைமுக்குத் தனி இன்ஸ்பெக்டர் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் தலைவர்கள் யாராவது வந்தாலோ, ஊர்வலம் என்றாலோ கிரைம் ஆட்களையும் சேர்த்துத்தான் ரோட்டில் நிறுத்துகிறார்கள். எங்கள் வழக்கைப் பார்த்த எஸ்.ஐ. மூன்றாவது நாளில் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், வேலைக்குப் போகக் காத்திருந்த ஓர் இளம்பெண்ணை எல்லார் கண் முன்னாலும் வெட்டிக் கொன்றான் ஒருவன். அந்த நிலையத்தில் அன்றைக்கு சிசிடிவி இல்லை. ரயில்வே போலீஸா மாநகரப் போலீஸா என்ற குழப்பம் வேறு. அதற்குப் பிறகுதான் சென்னையில் கேமரா பேச்சு சூடு பிடித்தது. அடுத்த ஆண்டு ஏ.கே. விஸ்வநாதன் ஆணையராக வந்தபின் 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்து, கடைக்காரர்களையும் குடியிருப்புகளையும் பிடித்துத் தெருத் தெருவாக மாட்ட வைத்தார்கள். எங்கள் தெரு முனையிலும் ஒரு கம்பத்தில் நான்கு இருக்கின்றன. அன்றைக்கு நான்கில் ஒன்றும் வேலை செய்யவில்லை. மாட்டுகிற அன்றைக்கு ரிப்பன் வெட்ட ஆள் வருகிறது, பராமரிப்புக்கு யார் காசு தருவது என்று யாரும் பேசி வைக்கவில்லை. எங்கள் குடியிருப்பின் கேமராவோ கார் பார்க்கிங்கைப் பார்த்தபடி இருந்தது. கார்கள் பத்திரமாக இருந்தன.

பைக்கைக் காட்டிக்கொடுத்தது அடுத்த தெரு மருந்துக்கடைக் கேமரா. கிரைம் டீமின் இரண்டு காவலர்கள் அங்கிருந்து பிடித்து, அடுத்த கடை, பெட்ரோல் பங்க், பாலத்தடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அந்த பைக் போன வழியைக் கோர்த்தார்கள். அது திருட்டு பைக், நம்பர் பிளேட் போலி. எங்கே நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினார்கள் என்பதுவரை கண்டுபிடித்தார்கள். கண் வலிக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆனால் ஒன்று: இந்தக் கடைகளின் பெட்டிகளில் பதிவு கொஞ்ச நாள்தான் நிற்கும், அப்புறம் பழையது தானாக அழிந்து புதியது ஏறிக்கொள்ளும். தொலைந்து போனது என்று எழுதிக் கொடுத்திருந்தால் எந்தக் காவலரும் மருந்துக்கடைக்குப் போயிருக்க மாட்டார். ஏன் போகவேண்டும்? தொலைந்த செயினைக் கேமராவில் தேடுவார்களா?

இதற்கு நடுவில், 2025 மார்ச் 25 காலை. தென்சென்னையில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்துப் பல இடங்களில் செயின் பறிப்பு. வெளி மாநிலத்திலிருந்து விமானத்தில் வந்து, பறித்துவிட்டு விமானத்திலேயே திரும்பப் பார்த்தவர்களைப் போலீஸார் விமான நிலையத்திலேயே மடக்கினார்கள். உண்மையிலேயே அசாத்திய வேகம். மறுநாள் அதிகாலை அதில் ஒருவனைத் தரமணி அருகே சுட்டுக் கொன்றார்கள். நகையையும் பைக்கையும் எடுக்கக் கூட்டிப்போன இடத்தில் அவன் சுட்டதாகவும், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டதாகவும் போலீஸ் சொன்னது. எங்கள் குழுவில் அன்று முழுக்கக் கட்டைவிரல் படங்கள். "இப்படித்தான் வேணும்", "சல்யூட்". சிலர் அத்தைக்கே போன் போட்டு வாழ்த்துச் சொன்னார்கள், என்னவோ அவருக்கு நியாயம் கிடைத்துவிட்ட மாதிரி.

அத்தை கேட்டது இவ்வளவுதான்: "சுட்டுட்டா, அவன்கூட வந்தது யாரு, நகையை வாங்கினது யாருன்னு யாரைக் கேப்பாங்க?" அரசு வக்கீல் கேட்க வேண்டிய கேள்வி அது. நான் இன்னொன்றும் நினைத்தேன். தொலைந்ததாக எழுதச் சொல்கிற கையும் சுடுகிற கையும் ஒரே துறையுடையவை. கோர்ட் வரைக்கும் போகாமல் முடித்துவிடுகிற அவசரம் இரண்டிலும் இருக்கிறது. இதைக் குழுவில் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கும் சேர்த்து அறிவுரை வந்திருக்கும்.

சித்திரையில் எங்கள் ஆட்கள் பிடிபட்டார்கள். செய்தி போலீஸிடமிருந்து வருவதற்கு முன்னால் வாட்ஸாப்பில் படமாக வந்தது. மேஜை மேல் பரப்பிய நகைகள், பின்னால் இரண்டு பையன்கள், இரண்டு பேருக்கும் வலது கையில் மாவுக்கட்டு. கீழே சிரிக்கிற பொம்மைகளோடு "பாத்ரூம்ல வழுக்கிட்டாங்களாம்". போலீஸ் பிடியில் கை உடைந்தால் இப்படிச் சொல்வது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த நகைச்சுவை. ஸ்டேஷன் கழிவறையில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, போலீஸ்காரர்கள் விழுவதில்லையா என்று உயர் நீதிமன்றமே கேட்கிற அளவுக்குப் பழக்கமான நகைச்சுவை.

அத்தை படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். இடது பக்கம் நிற்பவன்தான் வழி கேட்டவன் என்றார். பிறகு, "இவ்ளோ சின்னப் பையனா?" என்றார்.

அந்தப் படத்தால் வழக்குக்கு நேர்ந்த கெடுதலைச் சொல்லியாக வேண்டும். பிடிபட்டவனைச் சாட்சி அடையாளம் காட்டுவதற்கென்று முறை இருக்கிறது. சிறைக்குள், மாஜிஸ்திரேட் முன்னிலையில், அதே மாதிரி உயரமும் வயதும் உள்ள பலரோடு அவனை வரிசையில் நிறுத்துவார்கள். போலீஸ்காரர்கள் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. சாட்சி நடந்துபோய்த் தொட்டுக் காட்டவேண்டும். முன்கூட்டியே அவன் படத்தைச் சாட்சி பார்த்துவிட்டால் அந்த அணிவகுப்புக்கு மதிப்பே போய்விடும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். படத்தை வெளியில் விட்டது யார் என்று எங்கள் எஸ்.ஐ.யே ஸ்டேஷனில் கத்தினாராம். இவ்வளவு சிரமப்பட்டுக் கேமரா கேமராவாகக் கோர்த்த ஒரு வழக்கை, ஒரு மாவுக்கட்டுப் படம் பெருமைக்காகக் கெடுத்துவிட்டது. அத்தை அணிவகுப்பில் குரலை வைத்துத்தான் உறுதியாகச் சொன்னார். ஒவ்வொருவரையும் "பாட்டி, பிள்ளையார் கோவில் தெரு எது?" என்று கேட்கச் சொல்லுங்கள் என்று மாஜிஸ்திரேட்டிடம் கேட்டுக்கொண்டாராம். அவர் சிரித்துவிட்டு அனுமதித்திருக்கிறார். வெளியே வந்து இதை மாமாவிடம் சொல்லிச் சொல்லி அத்தைக்கு அலுக்கவில்லை.

அப்புறம் ஜூன் மாதக் கடைசியில் சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனம் செய்தி வந்தது. மடப்புரம் கோவிலில் காவலாளியாக இருந்த அஜித்குமார். காரில் வைத்த நகையைக் காணோம் என்று கோவிலுக்கு வந்த ஒரு பெண் புகார் சொல்ல, தனிப்படை போலீஸார் விசாரணை என்று அழைத்துப் போய் அடித்ததில் அந்தப் பையன் இறந்தான். உடம்பில் நாற்பதுக்கும் மேல் காயங்கள். காவலர்கள் ஐந்து பேர் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. எஃப்.ஐ.ஆர். இல்லாமலே எந்த அடிப்படையில் தனிப்படை விசாரிக்கப் போனது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. சாத்தான்குளம் ஸ்டேஷனில் அப்பா ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீஸார் அடித்துக் கொன்று ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது.

அன்று அத்தை சாப்பிடவில்லை. "அந்தப் பொம்பளை மாதிரிதானே நானும் புகார் கொடுத்தேன். நம்ம பையனுங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 'நம்ம பையனுங்க' என்று எப்போது ஆனார்கள் என்று தெரியவில்லை. மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது: "உன் கழுத்தை அறுத்தவனுக்கு நீ பரிஞ்சு பேசறியா?" பரிவு இல்லை, தன் பெயரில் ஒரு அடி விழக்கூடாது என்ற பயம் அது.

எனக்கு அன்றைக்குத்தான் அந்த ஒரு தாளின் இரண்டு பக்கமும் தெரிந்தது. புகார் முறையாகப் பதிவானால் போலீஸ் தேடியே ஆகவேண்டும், அது எங்களுக்கு. பிடிபட்டவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியே ஆகவேண்டும், அது அவனுக்கு. எழுத்தில் இல்லாத புகார் பெரும்பாலும் குப்பைக்குப் போகும். புகார் கொடுத்தவர் செல்வாக்கானவர் என்றால் அதே எழுதாத புகார் யாரோ ஒரு ஏழையின் முதுகுக்குப் போகும். நம் ஊரில் இரண்டும் ஒரே ஸ்டேஷனில், சில சமயம் ஒரே நாளில் நடக்கிறது. எங்கள் வழக்கில் எஃப்.ஐ.ஆர். இருந்தும் மாவுக்கட்டு வந்ததே என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் ரிமாண்டு செய்த மாஜிஸ்திரேட் கையைப் பார்த்துக் கேள்வி கேட்டு, பதிவு செய்து, சிகிச்சைக்கு அனுப்பினார். கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தார்.

நடைமுறைக்கு உதவும் ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வாக்குமூலத்துக்கு அத்தையை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். சாட்சியாக விசாரிக்கப் பெண்களை அவர்கள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது, ஆண்களென்றால் 60 வயது தாண்டியவர்களுக்கும் அதே சலுகை. பி.என்.எஸ்.எஸ். 179. மரியாதையாகச் சொன்னேன், எஸ்.ஐ. வீட்டுக்கே வந்தார். ஃபில்டர் காபி குடித்தார், இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொண்டார். புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. இதைக் கேட்டபோது மட்டும் ரைட்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தங்கம்? ஏழு பவுனில் முழுசாக வரவில்லை. ஒரு பகுதி செயினாகவே அடகுக்கடையில் கிடைத்தது. இன்னொரு பகுதியை வாங்கியவன் உருக்கிவிட்டான், சின்னக் கட்டியாக வந்தது. இதில் வேடிக்கை, அன்றைக்கு அத்தை கையில் மிஞ்சிய துண்டையும் சாட்சியப் பொருள் என்று போலீஸ் வாங்கிக்கொண்டது. முறுக்கும் முறுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க. திருடன் கொண்டுபோனது முக்கால், அரசாங்கம் கொண்டுபோனது கால் என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கைப்பற்றிய நகைகளை ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் வருஷக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது, படம் எடுத்துப் பதிவு செய்துகொண்டு சீக்கிரம் உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லியிருக்கிறது. புதுச் சட்டத்திலும் 497-இல் அதற்குக் கெடு வைத்திருக்கிறார்கள். மனு போட்டு, பத்திரம் எழுதி, ஜாமீன்தாரர் காட்டி, பழைய நகைக்கடை ரசீதும் கல்யாண ஆல்பமும் கொண்டுபோய் வாங்கிவந்தோம். நிபந்தனை: விற்கக்கூடாது, உருமாற்றக்கூடாது, கோர்ட் கேட்கும்போது அப்படியே காட்டவேண்டும். அதாவது இரண்டு துண்டு செயினும் ஒரு கட்டியும் அப்படி அப்படியே பீரோவில் இருக்கவேண்டும். பற்றவைக்கக்கூட முடியாது. அத்தை மஞ்சள் கயிற்றில்தான் மாங்கல்யத்தைக் கட்டியிருக்கிறார். ஆசாரியிடம் கொடுத்து புதுசாகச் செய்துகொள்ளலாம் என்றால், வழக்கு முடியட்டும் என்கிறார்.

இப்போது சம்மன் வந்திருக்கிறது. முதல் சாட்சி அத்தைதான். அரசு வக்கீல் அழைத்து, எதிர்த்தரப்பு என்னென்ன கேட்கும், வாட்ஸாப் படத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் பார்த்தேன் என்றே சொல்லவேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "அன்னிக்கு ஸ்டேஷன்ல தொலைஞ்சு போச்சுன்னு எழுதச் சொன்னாங்களே, அதையும் ஜட்ஜ் கிட்ட சொல்லணும்" என்றார். அது இந்த வழக்குக்குத் தேவையில்லாதது அம்மா, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார் வக்கீல். அத்தை சரி என்றார். அவர் 'சரி' சொன்ன விதத்தைப் பார்த்தால் சொல்லாமல் கூண்டை விட்டு இறங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை.